இரண்டு சிவப்புப் பூச்சிகள்: பூவரசடிக்கு வரும் பிள்ளைகளுக்கு

பூச்சி பார்க்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று என்னைத் தேடி வரும் பிள்ளைகள் கையில் போனோடு வருகிறார்கள். ஒரு படம் எடுத்ததும் பெயர் தெரிந்துவிட வேண்டும், பெயர் தெரிந்ததும் அடுத்த பூச்சிக்குப் போக வேண்டும். ஆசை நல்ல ஆசை. ஆனால் காயல்பட்டினத்தில் இதைத் தொடங்குகிற யாருக்கும் நான் நூறு பெயர் சொல்லித் தருவதில்லை. ஒரு வருஷத்துக்கு இரண்டே பூச்சி. இரண்டும் சிவப்பு. இரண்டும் ஒரே குடும்பம். இரண்டையும் ஒரே மரத்தடியில் பார்க்கலாம். ஒன்று விதையை உறிஞ்சி வாழ்கிறது. மற்றது அந்த விதை உறிஞ்சியை உறிஞ்சி வாழ்கிறது. இவற்றைப் பிரித்தறியப் பழகிய கண்ணுக்கு மற்ற பூச்சிகள் தாமாகவே பிடிபடும் என்பது என் உறுதியான எண்ணம். அதற்கு வழியாகச் சில சொல்கிறேன்.

1. மரத்திலிருந்து தொடங்குங்கள்.

பூச்சியைத் தேடி ஊரெல்லாம் அலைய வேண்டாம். பூவரசு உப்புக்காற்றைத் தாங்கி நிற்கிற மரம். அதனால் நம் கடற்கரையோரம் முழுக்க, வீட்டுக் கொல்லையிலும் தெருமுனையிலும் நிற்கிறது. இலையைச் சுருட்டிப் பீப்பி ஊதியிருப்பீர்கள். மஞ்சளாக மலர்ந்து, வாடும்போது செந்நிறமாக மாறுகிற அதன் பூவையும் பார்த்திருப்பீர்கள். இனி அதன் காயைப் பாருங்கள். காய்ந்த பிறகும் வெகுநாள் கிளையிலேயே கிடக்கும். கீழே விழுந்து வெடித்தால் உள்ளே மென்மயிர் போர்த்திய விதைகள் இருக்கும். நம் முதல் பூச்சிக்கு வேண்டியது அந்த விதைதான்.

பூவரசு, பருத்தி, வெண்டை, செம்பருத்தி, துத்தி, இலவம் எல்லாம் ஒரே தாவரக் குடும்பம். உங்கள் வீட்டில் பூவரசு இல்லையென்றால் வேலியோரத் துத்தியைப் பாருங்கள். மாடித் தொட்டியில் வளர்கிற வெண்டையும் போதும். பெண்பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன்: நம்மூர் வீடுகளுக்கு இடையே பெண்கள் போய்வர இருக்கிற முடுக்குகளும் அவற்றை ஒட்டிய கொல்லைகளும் நிழலும் ஈரமும் உள்ள இடங்கள். ஆண்கள் கால் வைக்காத அந்த வழிகளில் என்னென்ன பூச்சி இருக்கிறது என்பதை நீங்கள்தான் எழுத முடியும். வேறு யாராலும் முடியாது.

2. எது நாவாய்ப்பூச்சி என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

ஆறு கால் உள்ள எல்லாவற்றையும் வண்டு என்று சொல்கிற பழக்கம் நமக்கு உண்டு. வண்டுக்குக் கடிக்கும் தாடை உண்டு. நாவாய்ப்பூச்சிக்குத் தாடை கிடையாது, ஊசிதான். நெல் பால் பிடிக்கும்போது கதிரை உறிஞ்சிப் பதராக்குகிற கதிர் நாவாய்ப்பூச்சியை ஆத்தூர், ஸ்ரீவைகுண்டம் பக்கத்து விவசாயிகள் எல்லாருக்கும் தெரியும். கட்டிலில் இருக்கிற மூட்டைப்பூச்சியும் இந்த இனம்தான். சிறகை இழந்துவிட்டது, அவ்வளவுதான்.

சிறகுள்ளவற்றை முதுகைப் பார்த்தே சொல்லிவிடலாம். முன்சிறகின் அடிப்பாதி தடித்துத் தோலாக இருக்கும், நுனிப்பாதி மெல்லிய சவ்வு. இரண்டு சிறகும் மடிந்து ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும்போது முதுகில் பெருக்கல் குறி விழும்.

ஊசிவாயைப் பற்றிக் கொஞ்சம் பொறுமையாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மீதி எல்லாம் அதைச் சுற்றியே. வெளியே தெரிகிற குழல் வெறும் உறை. அதனுள் மயிரினும் மெல்லிய நான்கு இழைகள் இருக்கின்றன. வெளிப்புறத்து இரண்டும் துளைப்பதற்கு. உட்புறத்து இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தி நடுவே இரண்டு வாய்க்கால்களை உண்டாக்கும். ஒன்றின் வழியே உமிழ்நீர் இறங்கும், மற்றதன் வழியே உணவு ஏறும். மெல்லுவது என்பதே இவற்றின் வாழ்க்கையில் இல்லை. உமிழ்நீரை உள்ளே செலுத்தி, உணவை அதனிடத்திலேயே கரைத்து, கரைந்ததை உறிஞ்சி எடுக்கும். விதையைக் கரைப்பதற்கும் இன்னொரு பூச்சியின் உடலைக் கரைப்பதற்கும் கருவியின் அமைப்பு இதேதான். ஒரே கருவியை வைத்துக்கொண்டு ஒரு குடும்பத்துக்குள்ளேயே ஒன்று சைவமாகவும் மற்றது வேட்டையாடியாகவும் வாழ்வது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

3. பருத்திப் பூச்சியோடு நன்றாகப் பழகுங்கள்.

முதல் பூச்சி டிஸ்டெர்கஸ். உழவர்கள் சிவப்புப் பருத்திப் பூச்சி என்பார்கள். விரல்நகத்தின் நீளம் இருக்கும். குங்குமச் சிவப்பு. ஒவ்வொரு முன்சிறகிலும் ஒரு கரும்புள்ளி, சிறகு நுனியில் கருப்புச் சவ்வு, வயிற்றின் அடியில் வெள்ளைப் பட்டைகள். பூவரசடியில் ஆணும் பெண்ணும் பின்புறம் ஒட்டியபடி, ஒன்று முன்னே நடக்க மற்றது பின்னோக்கி இழுபட்டுப் போவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த இணைப்பு மணிக்கணக்கில் நீடிக்கும்.

ஈரமண்ணிலும் மண் வெடிப்பிலும் கொத்தாக மஞ்சள் முட்டை இடும். குட்டிகள் ஐந்து பருவம் தாண்டி, ஐந்தாம் முறை தோல் உரிக்கும்போது சிறகு பெறும். நாவாய்ப்பூச்சிக்குக் கூட்டுப்புழுப் பருவம் கிடையாது. குட்டியும் தாயும் ஒரே சாயலில் ஒரே உணவை உண்டு வாழும். விழுந்த விதை ஒன்றைச் சுற்றிச் சின்னதும் பெரியதுமாகக் கூடி நின்று, எல்லாம் ஒரே விதையில் ஊசி இறக்கியிருக்கும் காட்சியை நிதானமாகப் பாருங்கள். காய்ந்த விதை கல்லைப் போன்ற உணவு. அதைக் கரைக்க நிறைய உமிழ்நீர் வேண்டும், அதற்குத் தண்ணீர் வேண்டும். விதையில் எல்லாச் சத்தும் இருப்பதில்லை. ஆப்பிரிக்காவில் உள்ள இதன் உறவினமான டிஸ்டெர்கஸ் ஃபாசியேட்டஸை ஜெர்மன் ஆய்வாளர்கள் சோதித்து 2014இல் எழுதினார்கள்: அதன் குடலில் குடியிருக்கிற நுண்ணுயிர்கள் பி வைட்டமின்களைத் தயாரித்துக் கொடுக்கின்றன. தாய் முட்டையின் மேல் பூசிவிடும் அந்த நுண்ணுயிர்களைக் குட்டி பொரிந்ததும் உட்கொள்கிறது. விதை தின்று வாழ்வது எளிய பிழைப்பு என்று நினைத்துவிட வேண்டாம்.

நம் பக்கத்தில் டிஸ்டெர்கஸ் சிங்குலேட்டஸ், டிஸ்டெர்கஸ் கோனிகி என்று இரண்டு இனம் உண்டு. முதல் வருஷத்தில் அவற்றைப் பிரிக்க முயல வேண்டாம். ஆனால் கோனிகி என்ற பெயரை நினைவில் வையுங்கள். 1768இல் தரங்கம்பாடிக்கு வந்த மருத்துவர் கோனிக், சோழமண்டலக் கரையில் செடியும் பூச்சியும் சேகரித்து ஐரோப்பாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தவர். அவரும், அந்தப் பூச்சிகளுக்குப் பெயர் சூட்டிய ஃபாப்ரிசியஸும் லின்னேயஸின் மாணவர்கள். ஃபாப்ரிசியஸ் 1775இல் வெளியிட்ட நூலில் இந்தச் சிவப்புப் பூச்சி இடம்பெற்றது. நம் கொல்லைப் பூச்சி உலகப் புத்தகத்தில் ஏறி 250 வருஷம் ஆகிறது.

4. அடுத்து அன்டிலோகஸ்.

இரண்டாவது பூச்சி அன்டிலோகஸ் கோக்கிபெர்ட்டி. இதுவும் சிவப்பு, இதற்கும் கருப்புச் சவ்வு. பருத்திப் பூச்சியைவிடப் பருத்த உடம்பு. சிறகில் அந்தக் கரும்புள்ளி இல்லை. கூட்டத்தின் நடுவே ஒரு பெரிய சிவப்புப் பூச்சி நிதானமாக நடந்தால், அதைக் கண்ணை விட்டு அகற்றாதீர்கள். கொஞ்ச நேரத்தில் அது இன்னொன்றின் அருகில் போய் ஊசியை நீட்டிக் குத்தும். குத்துப்பட்டது சற்று உதறும், பிறகு அடங்கும். குத்திய இரையை ஊசியிலேயே தாங்கியபடி அன்டிலோகஸ் நடந்து போகும். அந்தக் காட்சியை ஒருமுறை நேரில் பார்த்துவிட்டால் பிறகு உங்களுக்கு நான் தேவையில்லை.

ஜப்பானின் தென்தீவுகளில் இதைப் பின்தொடர்ந்த கோனோவும் அவருடன் சேர்ந்த இருவரும் 2002இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். டிஸ்டெர்கஸ் இனங்களையே குறிவைத்து வேட்டையாடுகிற பூச்சி இது என்பது அவர்கள் முடிவு. இதில் வியப்பு என்னவென்றால், பருத்திப் பூச்சியின் சிவப்பு ஓர் எச்சரிக்கை. ‘என்னைத் தின்னாதே, வாய் கசக்கும்’ என்று பறவைக்குச் சொல்கிற நிறம். அந்த எச்சரிக்கையைப் பொருட்படுத்தாமல் வருகிற எதிரியும் அதே சிவப்பைப் பூசிக்கொண்டு வருகிறது.

5. நிறத்தை நம்பி முடிவு கட்டாதீர்கள்.

எருக்கஞ்செடியில் சிவப்பும் கருப்புமாக ஒரு பூச்சி இருக்கும். அதைப் பார்த்தும் பருத்திப் பூச்சி என்று எழுதி வருகிறார்கள். அது வேறு குடும்பம்; எருக்கு விதையில் வாழ்வது. கைவில்லையில் தலையைப் பாருங்கள். பெரிய கண்கள் இரண்டு தவிர உச்சியில் இரண்டு சிறு கண்புள்ளிகள் எருக்கஞ்செடிப் பூச்சிக்கு உண்டு. பருத்திப் பூச்சிக்கும் அன்டிலோகஸுக்கும் அவை கிடையா.

இன்னொரு சாட்சி பாளையங்கோட்டையிலிருந்து. அங்கே தூய சவேரியார் கல்லூரியில் பேராசிரியர் டன்ஸ்டன் அம்புரோஸ் தம் வாழ்நாளையே கொலையாளி நாவாய்ப்பூச்சிகளுக்குக் கொடுத்தவர். 1999இல் வந்த அவருடைய ஆங்கில நூலின் பெயரே அந்தப் பூச்சிகளின் பெயர்தான். அந்தக் குழுவில் ரைனோகோரிஸ் மார்ஜினேட்டஸ் என்ற இனம் இருக்கிறது. நம் தென்மாவட்டப் புதர்க்காடுகளில் கல்லுக்கு அடியிலும் செடியிலும் கிடைப்பது. புரோடீனியா புழு, காய்ப்புழு முதற்கொண்டு பருத்திப் பூச்சி வரை பலவற்றையும் வேட்டையாடும். இந்த ஒரே இனம் மூன்று நிறத்தில் வரும்: முழுக் கருப்பு, முழுச் சிவப்பு, கருப்பும் சிவப்பும் கலந்தது. மூன்றும் ஒரே இனம்! இங்கே ஒரே இனத்துக்கு மூன்று நிறம். பூவரசடியில் இரண்டு இனத்துக்கு ஒரே நிறம். நிறத்தை மட்டும் வைத்துப் பெயர் எழுதுகிறவர் இரண்டு இடத்திலும் தவறுவார்.

6. ஊசியின் நுனியைப் பாருங்கள்.

இந்த அறிவுரைகளில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

பூச்சியை மேலிருந்து பார்ப்பதுதான் எல்லாருடைய பழக்கமும். குனிந்து, முடிந்தால் தரையில் படுத்து, பக்கவாட்டில் பாருங்கள். ரைனோகோரிஸ் போன்ற கொலையாளிகளுக்கு ஊசிவாய் குட்டையாக, தடித்து, கொக்கியாக வளைந்திருக்கும். மூன்று கணு தெரியும். ஓய்வில் இருக்கும்போது அதன் நுனி மார்பின் அடியிலுள்ள ஒரு பள்ளத்தில் பொருந்தும். அந்தப் பள்ளத்தில் நுனியை உரசி மெல்லிய கிரீச்சொலி எழுப்பவும் செய்யும். பருத்திப் பூச்சியின் ஊசிவாய் நீண்டு, நேராக, நான்கு கணுவோடு வயிற்றடியில் ஒட்டிக் கிடக்கும். இவ்வளவில் அந்த இரண்டையும் பிரித்துவிடலாம்.

சங்கடம் அன்டிலோகஸிடம். அதுவும் பருத்திப் பூச்சியின் குடும்பம் என்பதால் அதற்கும் நான்கு கணு. சிறகுப் புள்ளியை வைத்துப் பிரிக்கலாமே என்பீர்கள். வளர்ந்ததில் சரி. சிறகே முளைக்காத குட்டியில் புள்ளிக்கு எங்கே போவது? சிவப்புக் குட்டிகள் நூறு ஓடுகிற இடத்தில் எது யார் பிள்ளை என்று கேட்டால், ஊசியின் நுனி எதில் இறங்கியிருக்கிறது என்று பார்ப்பதே நல்ல வழி. விதையில் இறங்கியிருக்கிறதா, இன்னொரு குட்டியின் முதுகிலா? உட்கார்ந்து, காத்திருந்து பாருங்கள்.

அதையும் ஒரே தடவை பார்த்து எழுதிவிடக் கூடாது. பருத்திப் பூச்சி பட்டினி கிடந்தால் செத்த தன் இனத்தை உறிஞ்சும். முட்டையைக் கூட விடாது. தோல் உரித்து உடம்பு இறுகாமல் வெளிறிக் கிடக்கிற கூட்டாளியையும் குத்தும். ஆகவே இரை உயிரோடு இருந்ததா, தாக்கியதை நீங்கள் பார்த்தீர்களா, அருகில் விதை இருந்தும் அதைத் தொடாமல் போனதா என்பதையெல்லாம் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். விதையைக் கடந்து போய்ப் பூச்சியைக் குத்துவது அன்டிலோகஸ்.

7. வளர்த்துப் பார்க்கும்போது சீசாவுக்குள் காகிதம் போடாதீர்கள்.

அகலவாய்ச் சீசா, வாயில் துணி, அடியில் கழுவிக் காயவைத்த மணல், ஒரு மூலையில் ஈரப் பஞ்சு, நான்கைந்து பூவரசு விதை. பருத்திப் பூச்சிக்கு இவ்வளவு போதும். காகிதம் வேண்டாம் என்று நான் சொல்வதற்கு ஒரு வரலாறு உண்டு.

1964இல் கரேல் ஸ்லாமா என்ற செக் நாட்டு ஆய்வாளர் பிராகிலிருந்து அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்கு, கரோல் வில்லியம்ஸ் என்பவரிடம் வேலை செய்யப் போனார். கூடவே தான் வருஷக்கணக்கில் வளர்த்த ஐரோப்பியச் சிவப்பு நாவாய்ப்பூச்சிகளையும் கொண்டுபோனார். நம் பருத்திப் பூச்சியின் குடும்பம்தான். ஊரில் ஒழுங்காக வளர்ந்த பூச்சிகள் அங்கே போனதும் ஐந்தாம் பருவத்துக்குப் பிறகு சிறகு பெறாமல் ஆறாம் பருவக் குட்டியாகவே உரித்தன. பெரிது பெரிதாகக் குட்டிகள்; வளர்ந்தது ஒன்றுகூட இல்லை. தண்ணீரா, விளக்கா, தீனியா என்று ஒவ்வொன்றாகத் தேடி, கடைசியில் காரணம் கண்ணாடித் தட்டில் விரித்த கைதுடைக்கும் காகிதம் என்று கண்டார்கள். பிறகு கிடைத்த காகிதத்தையெல்லாம் சோதித்தார்கள். நியூயார்க் டைம்ஸ் தாள் பூச்சியை வளரவிடவில்லை. லண்டன் டைம்ஸ் தாளில் ஒரு கெடுதலும் இல்லை. அமெரிக்கக் காகிதக்கூழுக்கு வெட்டுகிற பால்சம் ஃபர் மரத்தில், இந்தப் பூச்சிகளின் இளமை ஹார்மோனைப் போல வேலை செய்கிற ஒரு பொருள் இருக்கிறது. மற்றப் பூச்சிக் குடும்பங்களை அது அசைக்கவில்லை, இந்தக் குடும்பத்தை மட்டுமே அசைத்தது. 1966இல் நம் நாட்டு கே. என். சக்சேனா, வில்லியம்ஸோடு சேர்ந்து டிஸ்டெர்கஸ் கோனிகியிலும் அதே விளைவைக் கண்டு நேச்சர் இதழில் எழுதினார்.

நம்மூர் நாளிதழில் அந்த மரம் இருக்க வழியில்லைதான். ஆனாலும் மணல் போடுங்கள். சீசாவுக்குள் நீங்கள் வைக்கும் ஒவ்வொன்றும் சோதனையின் பகுதி. எதை வைத்தீர்களோ அதை எழுதியும் வையுங்கள்.

அன்டிலோகஸை வளர்ப்பதென்றால் அதற்கு முன்பே பருத்திப் பூச்சியைப் பெருக்கி வைத்திருக்க வேண்டும். தினமும் உயிருள்ள இரை கொடுக்க முடியாவிட்டால் பார்த்துவிட்டு எடுத்த மரத்தடியிலேயே விட்டுவிடுங்கள்.

8. கொலையாளியைக் கையால் பிடிக்காதீர்கள்.

பருத்திப் பூச்சியை உள்ளங்கையில் ஏற்றலாம், அது ஒன்றும் செய்யாது. ரைனோகோரிஸைத் தொடவே கூடாது. புழுவை முடக்குகிற உமிழ்நீர் அது. குத்தினால் வலி கடுமையாக இருக்கும். கண்ணாடிக் குழாயை முன்னே நீட்டிப் பின்னால் குச்சியால் மெல்ல ஓட்டுங்கள். சின்னத் தம்பி, தங்கச்சி கூட வந்தால் அவர்களிடம் குழாயைக் கொடுக்காதீர்கள்.

9. உழவரிடம் பேசும்போது இரண்டு பூச்சியையும் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

வடக்கே கோவில்பட்டி, விளாத்திகுளம், எட்டயபுரம் பக்கம் கரிசல் பூமி. கருங்கண்ணி என்ற நாட்டுப் பருத்தி விளைந்த மண். திருநெல்வேலிப் பருத்தி என்று பெயர் பெற்று தூத்துக்குடித் துறைமுகம் வழியாகக் கப்பலேறியது அந்தப் பஞ்சுதான். கோவில்பட்டியில் 1901இலேயே வேளாண் ஆராய்ச்சி நிலையம் வந்துவிட்டது. அங்கே பருத்திப் பூச்சி விளையாட்டுப் பொருள் அல்ல. வெடிக்கிற காய்க்குள் ஊசியை இறக்கி விதையை உறிஞ்சும்போது ஒரு பூஞ்சாணமும் கூடவே உள்ளே போகிறது. பஞ்சு மஞ்சளாகக் கறைபடுகிறது. விதையில் எண்ணெய் குறைகிறது, முளைப்பும் குறைகிறது. அரைவை ஆலையில் பஞ்சோடு சேர்ந்து நசுங்கியும் கறை உண்டாக்கும். இதைச் சொல்லாமல் பூச்சியின் அழகை மட்டும் பேசினால் அந்த உழவர் நம்மை மதிக்க மாட்டார். மதிக்க வேண்டியதும் இல்லை.

2002இல் பி.டி. பருத்தி வந்தது. அதன் நஞ்சு காய்ப்புழுவுக்கானது. ஊசி வைத்து உறிஞ்சுகிற நாவாய்ப்பூச்சியை அது தொடுவதில்லை. ஆகவே சிவப்புப் பூச்சி கண்ணில் பட்டதும் மருந்துக் கடைக்குப் போகிற வழக்கம் நிற்கவில்லை. மருந்து அடித்தால் பருத்திப் பூச்சியோடு அன்டிலோகஸும் சாகும், ரைனோகோரிஸும் சாகும். பருத்திப் பூச்சிக்கு வரப்போரத் துத்தியும் ஊர்ப் பூவரசும் இருக்கின்றன. அங்கிருந்து திரும்ப வந்துவிடும். வேட்டையாடி அவ்வளவு சீக்கிரம் வராது, இரை பெருகிய பிறகுதான் அது பெருக முடியும்.

நெல்லிலும் இதே கதை நடந்திருக்கிறது, அங்கே விலை இன்னும் பெரிது. நெல்லை உறிஞ்சுகிற புகையான் என்ற பூச்சியின் முட்டையைத் தேடி உறிஞ்சுகிற ஒரு சின்னப் பச்சை நாவாய்ப்பூச்சி உண்டு; மிரிட் என்பார்கள். மருந்து அடிக்க அடிக்க அதுவும் சிலந்தியும் செத்து, புகையான் பெருகி, வயல் கருகியது. இந்தோனேசிய அரசு 1986இல் நெல்லுக்கு அடிக்கிற 57 பூச்சிமருந்துகளை ஒரே ஆணையில் தடை செய்தது. ஒரு நாடு அந்த முடிவுக்கு வர, உறிஞ்சுகிற பூச்சி எது, அதை உறிஞ்சுகிற பூச்சி எது என்று யாரோ வயலில் குனிந்து பார்த்திருக்க வேண்டும்.

உழவரிடம் போய் மருந்தடிக்காதீர்கள் என்று உபதேசம் செய்யச் சொல்லவில்லை. அவருடைய கடன் அவருக்குத் தெரியும், நமக்குத் தெரியாது. இரண்டு சீசாவை அவர் முன் வைத்து, ‘மாமா, இதில் எது உங்கள் பஞ்சைக் கெடுக்கிறது என்று பாருங்கள்’ என்று கேளுங்கள். அன்டிலோகஸ் குத்துவதை அவரே பார்க்கட்டும். அதன் பிறகு வருகிற பேச்சு நல்ல பேச்சாக இருக்கும்.

10. கடலையும் ஒரு கண் பாருங்கள்.

பூவரசைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தவன் கடலுக்குப் போகிறேனே என்று எண்ண வேண்டாம். பூச்சிகளில் நிலத்தின் தொடர்பே இல்லாமல் நடுக்கடலில் வாழ்வது ஹாலோபேட்டஸ் என்ற ஒரே பேரினத்தின் ஐந்து இனங்கள்தான். அவையும் நாவாய்ப்பூச்சிகள். இந்தியப் பெருங்கடலிலும் உண்டு. சிறகில்லை, நீண்ட கால்களால் அலைமேல் வழுக்கி ஓடும். நீர்மேல் மிதக்கும் சின்ன உயிர்களையும் மீன்முட்டையையும் அதே ஊசிவாயால் உறிஞ்சும். மிதக்கிற இறகிலும் நுரைக்கல்லிலும், இப்போது பிளாஸ்டிக் துண்டிலும், முட்டை ஒட்டும். பலமான கடற்காற்று அடித்து ஓய்ந்த காலையில், அலை ஒதுக்கிய குப்பையின் விளிம்பைக் குனிந்து பார்த்துக்கொண்டே நடங்கள். சாம்பல் நிறத்தில், கால் நீண்ட ஒரு சிறு உடல் கிடைத்தால் ஈரத்தோடு எடுத்துச் சாராயக் குப்பியில் போட்டு என்னிடம் காட்டுங்கள். எங்கே கிடைத்தது என்று எழுதி ஒட்டிக் கொண்டுவாருங்கள்.

11. படிக்க வேண்டியது.

டபிள்யூ. எல். டிஸ்டன்ட் எழுதிய பிரிட்டிஷ் இந்திய விலங்குகள் வரிசையின் நாவாய்ப்பூச்சித் தொகுதிகள், 1902 முதல் 1918 வரை ஏழு. பழைய ஆங்கிலம், கடினமாக இருக்கும். இரண்டாம் தொகுதியில் நம் குடும்பம் இருக்கிறது. பாளையங்கோட்டை ஆய்வுகள் அதைவிட எளிது, நம் மண்ணைப் பற்றியும் பேசும். ஆனால் ஒரு மழைக்காலம் முழுக்க மரத்தடியில் பார்த்த பிறகு படியுங்கள். முன்பே படித்தால் புத்தகத்தில் இருப்பதையே பார்த்ததாக எழுதத் தோன்றும்.

12. நோட்டுப் புத்தகம் தமிழில் இருக்கட்டும்.

ஒவ்வொரு பதிவிலும் இவை வேண்டும்: தேதி, நேரம், தெரு, செடியின் பெயர், தரை ஈரமா காய்ந்ததா, எத்தனை பூச்சி, குட்டியா வளர்ந்ததா, ஊசி எதில் இறங்கியிருந்தது. பூச்சியின் பெயர் தெரியாவிட்டால் அந்த இடத்தை வெறுமையாக விடுங்கள், பின்னால் நிரப்பிக்கொள்ளலாம். ஊசி எதில் இருந்தது என்பதைப் பிறகு நிரப்ப முடியாது. படம் எடுத்தால் பக்கவாட்டில் ஒன்று கட்டாயம். ‘ஒன்றும் இல்லை’ என்ற நாளையும் எழுதுங்கள்.

எனக்கு வேண்டியது ஒன்று இருக்கிறது. ஐப்பசி மழை தொடங்கியதும் உங்கள் தெருப் பூவரசடியில் பருத்திப் பூச்சி முதலில் தென்பட்ட நாளைக் குறித்து வையுங்கள். அதே மரத்தடியில் அன்டிலோகஸ் முதலில் தென்பட்ட நாளையும் குறியுங்கள். இரண்டுக்கும் இடையில் எத்தனை நாள் என்று கோமான் தெருப் பிள்ளை ஒரு கணக்கும், கடற்கரைப் பிள்ளை ஒரு கணக்கும், ஆறுமுகநேரி உப்பளத்துப் பக்கத்துப் பிள்ளை ஒரு கணக்கும் கொண்டுவந்தால், தை மாதத்தில் எல்லாரும் உட்கார்ந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.